மெஷின் நின்றால் யாரைக் கூப்பிடுகிறீர்கள்?

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் சுங்கை பாக்காப்பில் இருக்கிறேன். வயது 27. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வயர் பாண்டிங் லைனில் எட்டு வருடமாக ஆப்பரேட்டர். அப்பா இல்லை. அம்மாவுக்கு மூட்டுவலி, வேலைக்குப் போவதில்லை. எனக்கு ஒரே தம்பி. பள்ளி முடிக்கும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ், மலாய், கணிதம், இயற்பியல், நன்னெறி ஐந்தில் ஏ எடுத்திருக்கிறான். ஆங்கிலம், வரலாறு, வேதியியல், எட் மேத்ஸ் (கூடுதல் கணிதம்) நான்கும் பி. அரசாங்கத்தின் ஒரு வருட மெட்ரிகுலேஷன் படிப்பு கிடைக்கவில்லை. மெஷின், ரோபோட் என்றால் அவனுக்கு உயிர். கல்விக் கண்காட்சிக்குப் போனோம். ஒரு கல்லூரிக்காரர் ரோபோட்டிக்ஸ், ஏஐ படிக்கலாம், முதலில் ஒரு வருட ஃபவுண்டேஷன், 16,000 ரிங்கிட், மிச்சத்தை அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் பார்த்துக்கொள்ளும் என்றார். சனிக்கிழமைக்குள் 1,500 கட்டினால் சலுகையாம். ஆறாம் படிவம் போனால் பிள்ளை கெட்டுவிடும், அங்கே எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு ரொம்பக் கஷ்டம் என்று அம்மா பயப்படுகிறார். மாமா டாக்டருக்குப் படிக்க வை என்கிறார். போலிடெக்னிக் என்றால் மூக்கைச் சுளிக்கிறார்கள். ஓ.டி. சேர்த்து எனக்கு 2,700 வரும், வீட்டுக்கு 1,500 கொடுக்கிறேன். என் சேமநிதியை எடுக்கலாமா? அம்மாவின் வளையல்களை அடகு வைக்கலாமா? நான் ஆப்பரேட்டர்தானே டீச்சர், எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் எஸ்.பி.எம்.மோடு நின்றவள். அவனாவது படிக்கட்டும்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சனிக்கிழமைக் கெடுவைப் பற்றி அன்றிரவே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பினேன். பணம் கட்டவில்லை என்று நீங்கள் எழுதிய பிறகுதான் எனக்கு நிம்மதி. மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் மீதியை இங்கே விரிவாக எழுதுகிறேன். இன்றே கட்டினால்தான் இடம் என்று யாராவது சொன்னால், நாளைக்கும் அந்த இடம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரிகள் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை ஆள் சேர்க்கின்றன. அவசரம் அவர்களுடையது.

‘நான் ஆப்பரேட்டர்தானே, எனக்கு இதெல்லாம் தெரியாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். உங்கள் குடும்பத்தில் அந்தத் துறையை உள்ளேயிருந்து பார்த்த ஒரே ஆள் நீங்கள்தான். மாமா பார்த்ததில்லை, கண்காட்சியில் டை கட்டிக்கொண்டு நின்றவரும் அநேகமாகப் பார்த்திருக்கமாட்டார்.

உங்கள் லைனையே எடுத்துக்கொள்வோம். முடியைவிட மெல்லிய கம்பி, சிப்பையும் அதன் சட்டத்தையும் தைத்துக்கொண்டே போகிறது. திடீரென்று நின்றுவிடுகிறது. டவர் லைட் சிவப்பாகிறது. நீங்கள் யாரைக் கூப்பிடுகிறீர்கள்? டெக்னீஷியனை. அவர் வந்து மூடியைத் திறந்து, கம்பியை மறுபடி கோத்து, இரண்டு மூன்று அளவுகளை மாற்றிப் பார்க்கிறார். பத்தில் எட்டு முறை சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் அவர் யாருக்குப் போன் செய்கிறார்? எக்விப்மென்ட் இன்ஜினியருக்கு. அவர் லேப்டாப்போடு வந்து, இதே கோளாறு இந்த மாதத்தில் எத்தனை முறை வந்தது, எந்த மெஷினில், எந்த ஷிப்டில் என்று பார்க்கிறார். அப்புறம் பிராசஸ் இன்ஜினியர் வருவார், மெஷின் மேல் தப்பில்லை, வந்த பொருள் மேல்தான் தப்பு என்று இரண்டு பேரும் வாக்குவாதம் செய்வார்கள். இதை நீங்கள் நூறு முறை பார்த்திருப்பீர்கள்.

தம்பி ஆசைப்படுவது இந்த மூன்று பேரில் ஒருவராக வருவதற்குத்தான், ‘ரோபோட்டிக்ஸ்’ என்ற சொல்லில்தான் அது அவனுக்குத் தெரிகிறது. ஆக, கல்லூரி விளம்பரத்திலிருந்து தொடங்காமல், சிவப்பு விளக்கைப் பார்த்து ஓடி வருகிற ஆளிலிருந்து தொடங்குங்கள். அவர் கையில் என்ன சான்றிதழ் இருக்கிறது, அதை எங்கே வாங்கினார், எஸ்.பி.எம். முடிந்து அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று பின்னோக்கி வாருங்கள். இந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் டெக்னீஷியனிடமும் இன்ஜினியரிடமும் இரண்டே கேள்வி கேளுங்கள். எஸ்.பி.எம். முடித்து எங்கே போனீர்கள்? இன்றைக்கு உங்களுக்கு 17 வயது என்றால் அதே வழியில் போவீர்களா? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய இந்த நீளமான பதிலைவிட அது பயன்படும்.

இந்தச் சிப் தொழில் பினாங்கில் நிலைத்திருக்குமா என்ற பயம் சிலருக்கு உண்டு. பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் 1972-இல் தொடங்கியது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் ஆலை அங்கேதான் வந்தது. அப்போது நம் அம்மாமார் காலத்துப் பெண்கள் மைக்ரோஸ்கோப்பில் கண் பதித்துச் செய்த வேலையை இன்று மெஷின் செய்கிறது. அந்த மெஷினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உலகத்தில் சிப்புகளைச் சோதித்து உறையிடும் வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்பது எல்லாரும் சொல்லும் கணக்கு. 2024 மே மாதம் அரசாங்கம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகத்தில் 60,000 பொறியாளர்களைத் தயார்செய்வது ஒரு இலக்கு. அறிவிப்பை நம்பி யாரும் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்தான். ஆனால் சுங்கை பாக்காப்பில் இருந்துகொண்டு ஒரு பக்கம் பத்து கவான், ஒரு பக்கம் பிறை, கொஞ்சம் தள்ளி கூலிம், பாலம் தாண்டினால் பாயான் லெப்பாஸ் என்றால், மெஷின் பிடித்த பையனுக்கு அதைவிட நல்ல இடம் இந்த நாட்டில் எனக்குத் தெரியாது.

சரி, அந்த ஃபவுண்டேஷனுக்கு வருவோம். அவர் உங்களிடம் சொல்லாமல் விட்டது இரண்டு.

முதலாவது, தனியார் ஃபவுண்டேஷனுக்கு பி.டி.பி.டி.என். கடன் கிடையாது. டிப்ளோமாவுக்கும் பட்டப்படிப்புக்கும்தான் அது. ‘மிச்சத்தை’ என்று அவர் சொன்ன சொல்லில் முதல் வருடத்து 16,000 அடங்காது. அதை நீங்கள்தான் கட்டவேண்டும். 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,333 ரிங்கிட் சொச்சம். வீட்டுக்குக் கொடுக்கும் 1,500-இல் அது போனால் மீதி 167. அதுவும் ஓ.டி. இருக்கும்வரை. ஆர்டர் குறைந்தால் தொழிற்சாலையில் முதலில் நிற்பது ஓ.டி.தான் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தனியார் கல்லூரியின் ஃபவுண்டேஷன் பெரும்பாலும் அந்தக் கல்லூரியின் பட்டப்படிப்புக்கும், அதோடு ஒப்பந்தம் உள்ள சில இடங்களுக்கும்தான் செல்லும். யு.பி.யு. என்ற அரசாங்கப் பொது விண்ணப்ப முறை வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போட்டால் பொதுவாக அதை ஏற்பதில்லை. அதாவது 16,000 கட்டியபின், அங்கேயே இன்னும் நாலு வருடம் கட்டுவதைத் தவிர வேறு வழி அதிகம் இருக்காது. முதல் வருடத்தில் தம்பிக்குப் பிடிக்கவில்லை, அல்லது உங்களுக்குக் கட்ட முடியவில்லை என்றால் கையில் மிஞ்சுவது எஸ்.பி.எம். மட்டும்தான். பணம் உள்ள குடும்பத்துக்கு இது பெரிய விஷயமில்லை. உங்களுக்குப் பெரிய விஷயம்.

தனியார் கல்லூரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்லவை இருக்கின்றன. ஆனால் எதில் சேர்ந்தாலும், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ.வின் இணையப் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தட்டிப் பாருங்கள். கல்லூரியின் பெயரைப் பார்த்தால் மட்டும் போதாது, படிப்பின் பெயர் இருக்கவேண்டும். விளம்பரத் தாளின் அடியில் எறும்பு அளவில் ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள். அதில் சாய்கோடுகளுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒற்றை எண்ணைப் பாருங்கள். 3 என்றால் ஃபவுண்டேஷன், 4 என்றால் டிப்ளோமா, 6 என்றால் இளங்கலைப் பட்டம். அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எம்.கியூ.ஏ. என்று போட்டு எஃப்.ஏ. என்றிருந்தால் முழு அங்கீகாரம். பி.ஏ. என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம், புதுப் படிப்பு, முதல் கூட்டம் இன்னும் வெளியே வரவில்லை என்று அர்த்தம். தற்காலிகம் என்றாலே மோசடி இல்லை, எல்லாப் படிப்பும் அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் ‘எங்கள் மாணவர்களுக்கு எல்லாம் உடனே வேலை’ என்று ஒருவர் சொல்லி, எண்ணில் பி.ஏ. இருந்தால், எந்த மாணவர்கள் என்று கேளுங்கள்.

இதை இவ்வளவு பிடிவாதமாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நான் பள்ளியில் ஆலோசக ஆசிரியராக இருந்த ஆரம்பக் காலத்தில், ஒரு பையனை அவன் கொண்டுவந்த விளம்பரத் தாளை மட்டும் பார்த்துவிட்டு, ‘நல்லாதான் இருக்கு, போ’ என்று அனுப்பினேன். மூன்று வருடம் படித்தான். அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் அந்த டிப்ளோமாவுக்கு அங்கீகாரம் இல்லை என்று தெரிந்தது. அவன் அம்மா என்னைப் பார்க்க வந்தார், திட்டவில்லை. ‘டீச்சர் சொன்னீங்கன்னுதான்…’ என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எண்ணைப் பார்க்காமல் எந்தத் தாளையும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை.

இப்போது ஆறாம் படிவம். அம்மாவின் பயத்தில் பாதி நியாயம் உண்டு. எஸ்.டி.பி.எம். சுலபமில்லை. நாலு பாடம், அதில் பொதுப்பாடம் ஒன்று எல்லாருக்கும் கட்டாயம். தம்பிக்கு மீதி மூன்று இயற்பியல், வேதியியல், கணிதம் என்று வரும். மூன்று பருவம், ஒவ்வொரு பருவத்துக்கும் தேர்வு. ஒன்றரை வருடம் என்று சொல்வார்கள், பல்கலைக்கழகம் திறக்கும் வரை காத்திருப்பதையும் சேர்த்தால் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிடும். மெட்ரிகுலேஷனில் போன நண்பன் முதலாண்டு முடிக்கும்போது இவன் இன்னும் முடிவுக்குக் காத்திருப்பான். அது உறுத்தும்.

ஆனால் ‘கெட்டுப்போவான்’ என்பது வேறு கதை. நான் பார்த்தவரையில் பையன்கள் ஆறாம் படிவத்தைப் பாதியில் விடுவது பெரும்பாலும் பாடத்துக்குப் பயந்து இல்லை. கூட்டாளிகள் கல்லூரி என்று சொல்லிக்கொண்டு சொந்த உடையில் படம் போடும்போது, தான் மட்டும் இன்னும் ஸ்கூலுக்குப் போகிறோமே என்ற வெட்கத்தில்தான் விடுகிறார்கள். முதல் மூன்று மாதம் அதைத் தாண்டிவிட்டால் அப்புறம் விடாமல் தொடர்வார்கள். இதை அம்மாவிடம் சொல்லாதீர்கள், தம்பியிடம் நேராகப் பேசுங்கள்.

லாபத்தைப் பாருங்கள். கட்டணம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, வீட்டுச் சாப்பாடு. அந்தச் சான்றிதழை எல்லா அரசாங்கப் பல்கலைக்கழகமும் ஏற்கும், தனியாரும் ஏற்கும், வெளிநாட்டிலும் செல்லும். யு.பி.யு.வில் 12 தேர்வு வரை போடலாம். தகுதிப் புள்ளியில் 90 பங்கு தேர்வுக்கு, 10 பங்கு புறப்பாடத்துக்கு. அந்தப் பத்தை நம் பிள்ளைகள் அலட்சியமாக விடுகிறார்கள். ஆறாம் படிவத்திலும் ஒரு சங்கம், ஒரு விளையாட்டு, ஒரு சீருடை இயக்கம் என்று பதிவாகியிருக்கட்டும். மூயட் ஆங்கிலத் தேர்வும் எழுதவேண்டும். ஆங்கிலத்தில் பி எடுத்தவனுக்கு அது பயமில்லை, இன்றிலிருந்தே தினம் ஒரு பக்கம் ஆங்கிலச் செய்தி படித்தால் போதும்.

பல்கலைக்கழகம் கிடைத்தால், நிபோங் தெபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். பெர்லிசில் யுனிமாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடப் பொறியியலுக்கும் சேர்த்துக் கட்டும் கல்விக் கட்டணம், தனியாரில் ஒரே வருடத்துக்கு ஆகும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு. அங்கே பி.டி.பி.டி.என். எடுத்தாலும் ஒரு விழுக்காட்டுக் கட்டணத்தோடு சமாளிக்கக்கூடிய கடனாக இருக்கும்.

பட்டப்படிப்பின் பெயரில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். பேச்சலர் ஆஃப் இன்ஜினியரிங் வேறு, பேச்சலர் ஆஃப் இன்ஜினியரிங் டெக்னாலஜி வேறு. முதலாவதை முடித்தால் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிவு செய்யலாம், படிப்பு அங்கீகாரம் பெற்றதாக இருந்தால். வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009-இல் சேர்ந்ததால் அந்தப் பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு. இரண்டாவது, டெக்னாலஜிஸ்ட் என்ற தனிப் பிரிவு. வேலை இரண்டிலும் கிடைக்கும், தொழிற்சாலை தளத்தில் பல சமயம் இருவரும் பக்கத்து மேசைதான். ஆனால் ‘இன்ஜினியர்’ என்று கையெழுத்துப் போட ஆசைப்படுகிறவன் அந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் சேர்ந்துவிட்டுப் பிறகு வருத்தப்படக்கூடாது. ரோபோட்டிக்ஸ், ஏஐ, ஸ்மார்ட் என்று தொடங்கும் படிப்புகளில் இதை இரண்டு முறை பார்க்கவேண்டும். உங்கள் தொழிற்சாலையின் வேலை விளம்பரத்தைப் பாருங்கள், மின்னணு, மின்சாரம், மெக்கானிக்கல், மெக்கட்ரானிக்ஸ் என்றுதான் கேட்டிருப்பார்கள்.

மூக்கைச் சுளிக்கும் போலிடெக்னிக்குக்கு வருகிறேன். பெர்மாத்தாங் பாவில் செபெராங் பிறை போலிடெக்னிக், தீவில் பாலிக் பூலாவ் போலிடெக்னிக், புக்கிட் மின்யாக்கில் ஜப்பான் உதவியோடு 1998-இல் வந்த ஜே.எம்.டி.ஐ. தொழில்நுட்பப் பயிற்சிக் கழகம், மூன்றும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. போலிடெக்னிக் டிப்ளோமாவில் ஒரு பருவம் முழுக்கத் தொழிற்சாலைப் பயிற்சி. கட்டணம் பருவத்துக்குச் சில நூறு ரிங்கிட், ஃபவுண்டேஷனோடு ஒப்பிட்டால் அது பணமே இல்லை. சுமார் மூன்று வருடத்தில் கையில் டிப்ளோமா, அதாவது உங்கள் லைனுக்கு ஓடி வருகிறாரே, அந்த டெக்னீஷியன் இடம். அதோடு நிற்கவேண்டியதில்லை. நல்ல புள்ளியோடு முடித்தால் யு.பி.யு. வழியாகப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பல இன்ஜினியர்கள் இந்த வழியில் வந்தவர்கள், வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். உங்கள் எக்விப்மென்ட் இன்ஜினியரிடம் கேட்கும்போது எனக்கு ஆச்சரியமில்லாத ஒரு பதில் வரக்கூடும்.

ஜே.எம்.டி.ஐ. போன்ற மனிதவள அமைச்சின் இடங்களில் சேர்வதானால் ஒன்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: முடிவில் தருவது எந்த வகை டிப்ளோமா, அதை வைத்து எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம்? திறன் டிப்ளோமாக்காரர்களுக்கு யுனிமாப், மலாக்காவின் யுடெம், ஜொகூரின் யுதிஹெச்எம், பகாங்கின் யுஎம்பிஎஸ்ஏ நான்கும் கூட்டாகக் கதவு திறந்து வைத்திருக்கின்றன. மற்ற இடங்களில் இழுபறி உண்டு.

போலிடெக்னிக்கா, ஆறாம் படிவமா? தம்பியின் தாளைப் பார்த்து நான் சொல்வது இது. இயற்பியலும் கணிதமும் ஏ, எட் மேத்ஸும் வேதியியலும் பி. எஸ்.டி.பி.எம். தாங்கும் பிள்ளைதான், ஆனால் கடைசி மாதம் விழுந்து படித்து வாங்கிய ஏவா, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வாங்கியதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். கடைசி மாதக்காரனை எஸ்.டி.பி.எம். முதல் பருவத்திலேயே கவிழ்த்துவிடும். அவனுக்கு ஒரு சின்னச் சோதனை வையுங்கள். பழைய எட் மேத்ஸ் புத்தகத்தில் அவன் தப்புவிட்ட ஒரு கணக்கைக் கொடுத்து, கைப்பேசி இல்லாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். அதோடு மல்லுக்கட்டி உட்கார்ந்திருந்தால் ஆறாம் படிவம். பத்து நிமிடத்தில் எழுந்து போய் வீட்டு ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தால் போலிடெக்னிக். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இரண்டுமே நல்ல குணம்தான், பொருந்தும் இடம்தான் வேறு.

வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்கள். மெட்ரிகுலேஷனுக்கு மேல்முறையீடு இணையத்தில் போடுங்கள். அங்கே பூமிபுத்ராவுக்கு 90, மற்றவர்களுக்கு 10 என்ற ஒதுக்கீட்டில் நம் பிள்ளைகள் அந்தப் பத்துக்குள்தான் போட்டியிடவேண்டும், அதனால் நம்பிக்கை முழுவதையும் அதில் வைக்கவேண்டாம். கிடைத்தால் ஒரே வருடம், மாதம் 250 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு, யோசிக்காமல் போகட்டும். மேல்முறையீட்டு நாட்கள் குறைவு, இந்த வாரமே பாருங்கள். யு.பி.யு. விண்ணப்பத்தைத் திறந்து போலிடெக்னிக், டிப்ளோமா தேர்வுகளைச் சரிபாருங்கள். ஆறாம் படிவ இடம் வந்தால் முதல் நாளே போய்ப் பதிந்து வகுப்பில் உட்காரட்டும். இரண்டு மாதம் கழித்து மெட்ரிகுலேஷனோ போலிடெக்னிக்கோ அழைத்தால் அப்போது மாறிக்கொள்ளலாம், யாரும் அபராதம் கேட்கப்போவதில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்து கடிதத்துக்குக் காத்திருக்கும் பையன்தான் கடைசியில் பகுதிநேர வேலைக்குப் போய், கையில் காசு பார்த்து, படிப்பை மறந்துவிடுகிறான்.

மாமாவின் டாக்டர் யோசனை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தம்பி பயாலஜி எடுக்கவில்லை, அதோடு பேச்சு முடிந்தது. எடுத்திருந்தாலும், 2016 டிசம்பரிலிருந்து புதிய மருத்துவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள் என்பதையும், 2021 ஜூலையில் அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள் என்பதையும் மாமாவுக்கு ஞாபகப்படுத்தியிருப்பேன். மாமாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார்.

பணம். உங்கள் சேமநிதியில் கல்விக்காக எடுக்கும் வசதி உங்களுக்கும், கணவர், பிள்ளைகள், பெற்றோருக்கும்தான். தம்பிக்குக் கிடையாது. 2024 மே மாதத்திலிருந்து வந்த மூன்றாவது கணக்கிலிருந்து எந்தக் காரணத்துக்கும் எடுக்கலாம், அதனால்தான் அதைத் தொடாதீர்கள் என்கிறேன். உங்கள் அவசரத்துக்கு இருக்கட்டும். வளையல் அம்மாவின் கையிலேயே இருக்கட்டும். மேலே சொன்ன எந்த வழிக்கும் அடகுக்கடை தேவைப்படாது. பல்கலைக்கழகமோ போலிடெக்னிக்கோ கிடைத்ததும் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் கல்வி உதவிக்கு விண்ணப்பியுங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், உங்கள் சம்பளச் சீட்டு, சலுகைக் கடிதம் எல்லாவற்றையும் நகல் எடுத்து ஒரு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். உதவி கேட்டுப் போகிற எல்லா இடத்திலும் இதே தாள்களைத்தான் கேட்பார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ‘நான் எஸ்.பி.எம்.மோடு நின்றவள்’ என்றீர்கள். எட்டு வருடம் பாண்டிங் மெஷின் பக்கத்தில் நின்றவருக்குக் கம்பி அறுவதற்கு முன்னால் வரும் சத்தமே தெரிந்திருக்கும். அந்த அனுபவத்துக்குத் தாள் வாங்கும் வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறையில் பி.பி.டி. என்ற முறையில், வகுப்பில் உட்காராமல், செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம். டிப்ளோமாவே வேண்டுமென்றால் ஏபெல் முறை, 20 வயது ஆனால் போதும், வேலை அனுபவத்தை வைத்து நுழையலாம். பாயான் லெப்பாஸிலேயே, 1989-இலிருந்து தொழிற்சாலைகளுக்கு ஆள் பயிற்றுவிக்கும் பி.எஸ்.டி.சி. என்ற பயிற்சி மையம் இருக்கிறது. உங்கள் நிறுவனம் ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டுக்குச் சமமான பணத்தைத் தன் கையிலிருந்து பயிற்சி நிதியாக அரசாங்கத்திடம் கட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பணம் உங்கள் பயிற்சிக்கும்தான். மனிதவளப் பிரிவில் போய், டெக்னீஷியன் பயிற்சிக்கு ஆப்பரேட்டர்களை அனுப்புகிறீர்களா, கடைசியாக யாரை அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். காலை ஷிப்ட் வாரத்தில் போனால் அவர்கள் அலுவலகத்தில் இருப்பார்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். தம்பியைப் பற்றி எழுத மறந்தாலும் பரவாயில்லை, இதை எழுதுங்கள்.